சுவரை இடிக்க எதிரி வர வேண்டியதில்லை

லண்டன் மாநகரின் நடுவில் ‘லண்டன் வால்’ என்று ஒரு சாலை இருக்கிறது. சுவர்ச் சாலை. அதற்கு அந்தப் பெயரைக் கொடுத்த சுவர் எங்கே என்று மேலே தேடி அலைய வேண்டாம். சாலைக்கு அடியில் நீளவாக்கில் ஒரு வாகன நிறுத்துமிடம் கட்டியிருக்கிறார்கள். அதற்குள் இறங்கி, எண்ணெய்க் கறைகளை மிதித்துக்கொண்டு, 52-ஆம் எண் வரைக்கும் நடந்தால் தென்படும். ரோமானியர் எழுப்பிய நகரக் கோட்டைச் சுவரின் ஒரு துண்டு. வயது ஏறத்தாழ 1,800. குழல்விளக்கு வெளிச்சத்தில், கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவே நிற்கிறது. அந்தக் கட்டிடத்தில் வாடகைச் சீட்டு வாங்காமல் நிற்பது அது ஒன்றுதான். இந்த வருமான இழப்பு எப்படி இன்னும் யார் கண்ணிலும் படவில்லை என்று தெரியவில்லை.

இதை அவமானம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. இது சாதனை. சாக்சன்கள் வந்தார்கள், சுவர் நின்றது. 1016-ல் டேனிஷ் இளவரசன் கனூட் முற்றுகையிட்டுப் பார்த்தான், சுவர் நின்றது. 1666-ல் ஊரே எரிந்தது, சுவர் நின்றது. 1940 டிசம்பர் 29 இரவில் ஹிட்லரின் விமானங்கள் தீக்குண்டுகளைக் கொட்டின, அப்போதும் நின்றது. அதற்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்த கனவான்கள் சிலர் வரைபடத்தின்மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்கள். அதோடு தீர்ந்தது. எந்தப் படையெடுப்பாளனுக்கும் தோன்றாத போர்த்தந்திரம் அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது: ஊருக்குள் இருந்துகொண்டே, அனுமதிக் கடிதத்தோடு, கார் நிறுத்த இடம் வேண்டும் என்று சொல்லி இடிப்பது.

இடிபட்டது என்ன என்று முதலில் பார்ப்போம். கி.பி. 190-க்கும் 225-க்கும் இடையில் கட்டப்பட்ட சுவர் அது. மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். அடியில் இரண்டரை மீட்டருக்கு மேல் தடிமன்; உயரம் ஆறு மீட்டர் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். வெளிப்பக்கம் அகழி. லண்டன் மண்ணில் கட்டிடக் கல் கிடையாது. ஒவ்வொரு கல்லும் கென்ட் பகுதியில், மெய்ட்ஸ்டன் பக்கத்துக் குவாரிகளில் வெட்டி, மெட்வே ஆற்றில் ஏற்றி, தேம்ஸ் வழியாகப் படகில் வந்தது. மொத்தம் 85,000 டன் என்றும், அதற்கு 1,300 படகுப் பயணங்கள் வேண்டியிருந்திருக்கும் என்றும் ஒரு மதிப்பீடு. இடையிடையே சிவப்புச் செங்கல் வரிசை. நடுவில் சுண்ணாம்புக் காரையும் உடைகல்லும். நம் ஊர்க் கொத்தனார் ஒருவரை அதன் முன்னால் நிறுத்தினால், தட்டிப் பார்த்துவிட்டு, “வேலைக்காரன் கட்டியிருக்கான்” என்பார். அவரிடம் அது கார் நிறுத்தத்துக்காக உடைபட்ட கதையைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

அந்தக் கல் எப்படி வந்தது என்பதற்கு ஆற்றுக்குள்ளேயே சாட்சி கிடந்தது. 1962-ல் பிளாக்ஃப்ரையர்ஸ் அருகே கரைச்சுவர் கட்டும் வேலை நடந்தபோது சேற்றுக்குள் ஒரு ரோமானியக் கப்பல் அகப்பட்டது. கென்ட் கல்லை ஏற்றியபடியே முழுகிய கப்பல். வயிற்றுக்குள் ஏறக்குறைய 26 டன் சரக்கு. பாய்மரத்தை ஊன்றும் குழியில் பேரரசர் டொமிஷியன் காலத்துச் செப்பு நாணயம் ஒன்றை, அதிர்ஷ்ட தேவதை ஃபார்ச்சூனாவின் உருவம் மேலே பார்த்திருக்கும்படி வைத்திருந்தார்கள். கப்பல் கட்டிய தச்சன் நல்ல நேரம் பார்த்துச் செய்த காரியம். பீட்டர் மார்ஸ்டன் என்ற தொல்லியலாளர், ஆறு வற்றும் சில மணி நேரங்களுக்குள் ஓடி ஓடி இதையெல்லாம் அளந்து எழுதினார். அலை ஏறிவரும், அவர் கரையேறுவார். உலகத்தின் மிகப் பணக்காரச் சதுர மைலுக்குள், அதன் பிறப்புச் சான்றிதழ் போன்ற ஒரு கப்பலைப் பதிவு செய்வதற்கு நேரம் ஒதுக்கியது நகராட்சி அன்று; நிலா.

நகரம் தன் சுவரை விற்றுத் தின்ற கதை இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1760-ல் வாசல்களை ஏலம் விட்டார்கள். வண்டிப் போக்குவரத்துக்கு இடைஞ்சலாம். கிரிப்பிள்கேட் என்ற வடக்கு வாசல், கல்லும் கதவும் சேர்த்து, ஒரு தச்சருக்கு 91 பவுண்டுக்குப் போயிற்று. குறைந்தபட்சம் அந்த நூற்றாண்டுக்காரர்கள் பழங்கல்லைப் பழங்கல் என்றே விற்றார்கள். ‘பாரம்பரியப் பேணல் திட்டம்’ என்று ரசீதில் எழுதவில்லை. அந்த நேர்மைக்காவது அவர்களைக் கும்பிடலாம்.

பிறகு ரயில் வந்தது. இன்று ஈஸ்ட் ஹாமில் தோசை மாவு வாங்கிக்கொண்டு டிஸ்ட்ரிக்ட் லைனில் டவர் ஹில் வரைக்கும் வேலைக்குப் போகிற நம் ஆட்கள், நாள்தோறும் இந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் போய் வருகிறார்கள். 1882-ல் சுரங்க ரயில் பாதை வெட்டியபோது, குறுக்கே நின்ற சுவரைப் பெயர்த்து எடுத்துப் போட்டுவிட்டுத் தண்டவாளம் போட்டார்கள். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னால், லாகூர்–முல்தான் பாதைக்கு ஹரப்பாவின் செங்கல்லை அள்ளி ஜல்லியாகக் கொட்டியவர்களும் இதே தேசத்துப் பொறியாளர்கள்தாம். அடிமை நாடு என்பதால் அப்படிச் செய்தார்கள் என்று நாம் இத்தனை காலம் புலம்பியிருக்கிறோம். அநியாயமான குற்றச்சாட்டு. அவர்கள் சொந்த ஊரையும் அப்படித்தான் நடத்தியிருக்கிறார்கள். பாரபட்சம் இல்லாத மனிதர்கள்.

போர் முடிந்தபோது லண்டனுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. எந்த நகரமும் விரும்பிக் கேட்காத வாய்ப்பு. கிடங்குகளும் கடைகளும் எரிந்து விழுந்த இடத்தில், அவற்றின் பின்சுவருக்குள் ஒளிந்திருந்த ரோமானியச் சுவர் வெளியே வந்தது. டபிள்யூ.எஃப். கிரைம்ஸ் என்ற தொல்லியலாளர் கிரிப்பிள்கேட் பகுதியின் இடிபாடுகளுக்குள் குழி வெட்டினார். நோபிள் தெருப் பக்கம் சுவர் ஏன் இரட்டையாக நிற்கிறது என்ற குழப்பத்துக்கு அங்கே விடை கிடைத்தது: நகரச் சுவர் எழுவதற்கு முன்பே, கி.பி. 120 வாக்கில், அந்த மூலையில் ஒரு ராணுவக் கோட்டை இருந்திருக்கிறது. பின்னால் வந்த நகரச் சுவர் அதையும் தனக்குள் சேர்த்துக்கொண்டு, அதன் மெல்லிய சுவருக்கு உட்பக்கம் இன்னொரு சுவர் வைத்துத் தடிமனாக்கியிருக்கிறது. பல நூற்றாண்டுகளாக யாருக்குமே தெரியாத ஒரு கோட்டை. கண்டுபிடித்துக் கொடுத்தது எதிரியின் குண்டு. கண்டுபிடித்ததைத் திரும்பவும் மண்ணாக்கியது சொந்த நகராட்சியின் சாலைத் திட்டம்.

அந்தக் காலத்தில் கட்டுமானக் குழிகளுக்குள் இறங்கிப் பழம்பொருளைக் காப்பாற்ற கில்டுஹால் அருங்காட்சியகத்திடம் எத்தனை பெரிய படை இருந்தது? ஐவர் நோயல் ஹியூம் என்ற ஒரு மனிதர். 1949 முதல் 1957 வரைக்கும், தன்னார்வலர் சிலரைக் கூட்டிக்கொண்டு, இயந்திரத்தின் வாய்க்கும் லாரியின் வயிற்றுக்கும் நடுவில் நின்று அவர் பொறுக்கினார். ஒரு பேரரசின் மாகாணத் தலைநகர் மண்ணோடு மண்ணாக லாரியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. நமக்குப் பழக்கமான மார்ட்டிமர் வீலர், 1926 முதல் 1944 வரைக்கும் அன்றைய பழைய லண்டன் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர். அங்கிருந்து இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்து, 1945-ல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில், மண்ணை அடுக்கடுக்காக எப்படிப் பிரித்துத் தோண்ட வேண்டும் என்று நம் இளைஞர்களுக்குப் பாடம் நடத்தினார். ரோமானியப் பானை ஓடு ஒவ்வொன்றும் எந்த அடுக்கில் கிடைத்தது என்று சீட்டு எழுதி ஒட்ட வைத்தார். நல்ல பாடம், நாம் கற்றுக்கொண்டோம். அவர் விட்டுவந்த ஊரில் ரோமானிய நகரமே அடுக்கு இல்லாமல் அள்ளப்பட்டது.

1957-க்கு வருவோம். சாலைக்கு அடியில் நிறுத்துமிடம் தோண்டும்போது சுவர் வந்தது. நீளமாக, ஒழுங்காக, தான் இருக்க வேண்டிய இடத்தில். அதில் பெரும்பகுதியை உடைத்து எடுத்துவிட்டு, 11 மீட்டர் அளவுக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த எச்சத்தைத்தான் இன்று நாம் 52-ஆம் எண்ணில் தரிசிக்கிறோம். கோட்டையின் மேற்கு வாசல் இன்னொரு பக்கம் அகப்பட்டது. அதை நிறுத்துமிடத்தை ஒட்டிய ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். எப்போதாவது வழிகாட்டியோடு போகிற குழுவுக்குத் திறப்பார்கள். ஒரு கோட்டை வாசலை, ஆண்டில் பெரும்பாலான நாள் சாத்தியே வைத்திருப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லலாம். இந்தச் சுவரை உடைத்தவர்கள் காட்டுமிராண்டிகள் இல்லை. அது என்ன என்று தெரியாமல் உடைக்கவில்லை. அளந்தார்கள், படம் எடுத்தார்கள், எந்த நூற்றாண்டு என்று எழுதினார்கள், பிறகு உடைத்தார்கள். தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம். அளவுநாடாவோடு வந்து செய்தவனை என்ன செய்வது?

1954-ல் வால்புரூக் பகுதியில் அலுவலகக் கட்டிடத்துக்குத் தோண்டிய குழியில் மித்ரா தெய்வத்தின் கோயில் வெளிப்பட்டபோது, மக்கள் நாளுக்கு நாள் பல்லாயிரக்கணக்கில் வரிசை கட்டி நின்றார்கள். சர்ச்சிலின் அமைச்சரவைகூட அதைப் பற்றிப் பேசியது. மக்கள் கூட்டத்தைக் கண்டு பயந்து கோயிலைக் காப்பாற்ற முடிவெடுத்தார்கள். எப்படி? பிய்த்து எடுத்து, சில ஆண்டுகள் கல்லாகக் குவித்து வைத்து, 1962-ல் வேறோர் இடத்தில், ஒரு கார் நிறுத்தத்தின் கூரைமேல், சிமென்ட் பூசி ஒட்டினார்கள். நிலத்தடிக் குகைபோல இருட்டில் இருக்க வேண்டிய தெய்வத்தை மொட்டை மாடியில் வெயில் காய வைத்தார்கள். அந்தச் சிமென்ட் அபத்தத்தைக் கழற்றி, பழைய இடத்தின் அருகிலேயே மறுபடி அமைக்க 2017 வரைக்கும் ஆயிற்று; அதற்கும் ஒரு நிதிச் செய்தி நிறுவனம் தன் தலைமையகம் கட்ட வர வேண்டியிருந்தது. இந்த நகரத்தில் ரோமானியருக்கும் கார்களுக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம்.

சட்டம் என்று ஒன்று இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1973-ல் ‘லண்டனின் கடந்தகாலத்தின் எதிர்காலம்’ என்கிற பொருளில் ஒரு ஆய்வறிக்கை வந்து, தோண்டுகிற வேகத்தில் ஒன்றுமே மிஞ்சாது என்று எச்சரித்த பிறகு, நகரத்துக்கென்று ஒரு தொல்லியல் துறை ஏற்பட்டது. 1979-ல் நாடாளுமன்றம் பழஞ்சின்னங்களுக்கும் தொல்லியல் பகுதிகளுக்கும் ஒரு சட்டம் போட்டது. சில நகரங்களைச் சிறப்புப் பகுதிகளாக அறிவித்து, அங்கே தோண்டுவதற்கு முன் தொல்லியலாளருக்குக் காலம் தர வேண்டும் என்றது. அறிவித்த நகரங்கள் ஐந்து: கேன்டர்பரி, செஸ்டர், எக்ஸிடர், ஹெரிஃபோர்டு, யார்க். பட்டியலில் லண்டன் எங்கே என்று தேடாதீர்கள். பழமை அதிகமாகவும் கிரேன்கள் அதிகமாகவும் இருந்த ஊரை மட்டும் சட்டம் கண்ணியமாக ஒதுக்கிவைத்தது. அங்கே கட்டுநர்கள் தாங்களாகவே முன்வந்து நன்றாக நடந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கை. நரிக்கு நாட்டாண்மை கொடுத்தால் கிடைக்கு இரண்டு ஆடு கேட்கும் என்பார்கள் நம் ஊரில். இந்த நரிகளுக்குக் கேட்க வேண்டிய சிரமம்கூட வைக்கவில்லை.

1989-ல் ஹக்கின் ஹில்லில் ரோமானியக் குளியல் மாளிகையின் எச்சம் கிடைத்தது. அது ஏற்கெனவே பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவிக்கப்பட்ட இடம். அறிவித்த அரசே அதன்மேல் கட்டவும் அனுமதி கொடுத்திருந்தது. அதே ஆண்டு தேம்ஸுக்குத் தெற்கே ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் கிடைத்து, புகழ்பெற்ற நடிகர்கள் எல்லாம் குழி ஓரத்தில் நின்று கோஷம் போட்டார்கள். செய்தித்தாளில் படம் வந்துவிட்டதால் அரசாங்கத்துக்குச் சற்று வெட்கம் வந்தது. 1990 நவம்பரில் திட்டமிடல் வழிகாட்டி எண் 16 வெளியானது. இனிமேல் முடிந்தவரை பழம்பொருளை இருந்த இடத்திலேயே காப்பது, முடியாவிட்டால் தோண்டிப் பதிவு செய்வது, செலவு கட்டுநருடையது.

கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. பலனும் கிடைத்தது, மறுக்கவில்லை. அதற்கு முன் ஒரு ஹியூம் ஓடிய இடத்தில் இன்று குழுக் குழுவாகத் தேர்ந்தவர்கள் வேலை செய்கிறார்கள். மித்ரா கோயிலைத் திரும்ப அமைத்த அந்த நிதிச் செய்தி நிறுவனத்தின் குழியில் மட்டும் 405 மர எழுத்துப்பலகைகள் கிடைத்தன. ஆனால் ஏற்பாட்டைக் கவனியுங்கள். தொல்லியலாளரைத் தேர்ந்தெடுப்பது யார்? கட்டுநர். கூலி கொடுப்பது? கட்டுநர். எத்தனை வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது? அவரேதான். படியளக்கிறவரைப் பார்த்து, “ஐயா, உங்கள் முப்பது மாடியை மூன்று மீட்டர் தள்ளிக் கட்டுங்கள், இங்கே சுவர் இருக்கிறது” என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? சொன்னவருக்கு அடுத்த ஒப்பந்தம் எங்கிருந்து வரும்? குளிரில், சேற்றில், தலைக்கவசம் போட்டுக்கொண்டு மண்டியிட்டுத் தோண்டுகிற அந்த இளைஞர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குழியில் நாணயமான வேலை செய்கிறவர்கள் அவர்கள் மட்டும்தான். அவர்கள் எழுதுகிற அறிக்கை உயிருள்ளது; அது போய்ச் சேர்கிற அலமாரிக்குத்தான் உயிர் கிடையாது.

இருந்த இடத்திலேயே காப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. யார்க் நகரில் 1991-ல் ஓர் ஆய்வு செய்து, ஒரு மனையின் தொல்லியல் அடுக்கில் 5 சதவீதத்துக்கு மேல் புதுக் கட்டிடம் அழிக்கக்கூடாது என்று வரையறுத்தார்கள். அதாவது ரோமானியத் தளத்தின்மேல் கான்கிரீட் தூண்களை இறக்கலாம், சல்லடைபோல் துளைக்கலாம், மொத்த ஓட்டைகளின் பரப்பு 5 சதவீதத்துக்குள் இருந்தால் அது பாதுகாப்பு. சரி, அந்தக் கட்டிடம் எத்தனை ஆண்டு நிற்கும்? இன்றைய அலுவலகக் கட்டிடத்துக்கு முப்பது, நாற்பது ஆண்டு ஆயுள். பிறகு இன்னொருவர் வருவார், அவருக்கும் 5 சதவீதம் உரிமை. அவர் பேரனுக்கும். ரோமானியர் ஒரே முறை கட்டினார்கள். நாம் தவணை முறையில் இடிக்கிறோம்.

இத்தனைக்கும் மிஞ்சிய சுவர் எங்கெங்கே இருக்கிறது? ஒரு துண்டு ஹோட்டலின் பின்முற்றத்தில், விருந்தினர் புகைபிடிக்கிற வழியில். ஒரு துண்டு குற்றவியல் நீதிமன்றத்தின் நிலவறையில். 1908 வாக்கில் தபால் நிலையம் கட்டும்போது கிடைத்த கொத்தளம் ஒன்று பின்னால் ஒரு வங்கியின் வளாகத்துக்குள் போய்விட்டது; பார்க்க வேண்டுமானால் முன்கூட்டி ஏற்பாடு செய்ய வேண்டும். ரோமானியரின் சபை மண்டபத் தூணின் அடிப்பகுதி லெடன்ஹால் சந்தையில் ஒரு முடிதிருத்தகத்தின் கீழே கிடக்கிறது. வைன் தெருவில் மாணவர் விடுதிக்கு அடியில் இருக்கிற துண்டை மட்டும் 2023 முதல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஒழுங்காகவும் வைத்திருக்கிறார்கள், அதைப் பாராட்டத்தான் வேண்டும். மற்றபடி சூத்திரம் எளிது. வாடகைக்கு இடைஞ்சல் என்றால் சுவர் போகும். வாடகையைக் கூட்டும் என்றால் சுவர் நிற்கும். அதன் முன்னால் கண்ணாடி வரும், அடியிலிருந்து மஞ்சள் விளக்கு வரும், விளம்பரக் கையேட்டின் நான்காம் பக்கத்தில் படம் வரும். கோடீஸ்வர வழக்கறிஞர்கள் காப்பி குடிக்கிற கூடத்துக்கு அலங்காரமாக ஒரு பேரரசு.

எல்லோரும் காசில்லாமல் பார்க்கக்கூடிய இன்னொரு சுவர் டவர் ஹில் ரயில் நிலையத்தின் வாசலில் இருக்கிறது. கம்பீரமான துண்டு. கீழ்ப்பாதி ரோமானியம், மேல்பாதி இடைக்காலம். அதற்கு முன்னால் ஒரு வெண்கலச் சிலை, கையை நீட்டி நிற்கிறது. டிராஜன் பேரரசர் என்று நம்பப்படுவதாகக் கீழே எழுதியிருக்கிறது. சௌதாம்ப்டனில் ஒரு பழைய இரும்புக் கடையில் அகப்பட்டு, பக்கத்துத் தேவாலயப் பாதிரியார் மூலமாக இங்கே வந்து சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். டிராஜன் இறந்தது 117-ல். சுவர் எழுந்தது அதற்கு எழுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அவர் வாழ்நாளில் பிரிட்டனுக்கு வந்ததே கிடையாது. ஆனாலும் ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் அவரோடு படம் எடுத்துக்கொண்டு, சுவரைக் கட்டியவர் இவர்தான் என்று முடிவுகட்டிப் போகிறார்கள். உண்மையான ரோமானியச் சுவரை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஆக்கர் கடையிலிருந்து ஒரு ரோமானியரை வாங்கி நிறுத்தினால் கணக்கு சரியாகிவிடும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

ரோமானியர்கள் மட்டும் யோக்கியமா என்று கட்டுநர்களின் வழக்கறிஞர் கேட்பார். நல்ல கேள்வி. அதே டவர் ஹில் கொத்தளத்துக்குள் ஒரு கல்லறைக் கல் கிடைத்தது. 1852-ல் ஒரு பாதி, 1935-ல் ரயிலுக்கு மின்நிலையம் கட்டும்போது மறுபாதி. ஜூலியஸ் கிளாசிசியானஸ் என்ற அதிகாரியின் கல். பூடிக்கா ராணியின் கிளர்ச்சியை நசுக்கிய ஆளுநர் மக்களை வதைத்துக்கொண்டே போவதைப் பார்த்து, இந்த மனிதனை மாற்றாவிட்டால் அமைதி வராது என்று நீரோவுக்கே எழுதிய நிதி அதிகாரி அவர். அவர் மனைவி எழுப்பிய கல்லறையைப் பிற்கால ரோமானியர்கள் பெயர்த்து எடுத்து, கொத்தளத்துக்குள் அடைகல்லாகப் போட்டார்கள். ஆற்றங்கரைச் சுவரிலும் அப்படித்தான்: 1970-களில் தோண்டியபோது, தெய்வ உருவங்கள் செதுக்கிய வளைவு ஒன்றின் கற்கள் சுவருக்குள் திணிக்கப்பட்டிருந்தன. ஆக, முன்னோர் செய்ததைத்தான் நாங்களும் செய்கிறோம் என்பார் வழக்கறிஞர்.

அன்றைக்குக் கடலில் கொள்ளையர் கப்பல் தெரிந்தது. பேரரசு கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. பயந்தவர்கள் கையில் கிடைத்த கல்லை எடுத்துச் சுவரில் வைத்தார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் அவர்கள் குழந்தைகள் தூங்கின. உங்களுக்கு என்ன ஆபத்து வந்தது? எந்தக் கப்பல் தேம்ஸில் ஏறி வந்தது? சதுர அடிக் கணக்கு குறைந்துவிடும் என்ற பயத்தைத் தவிர வேறென்ன பயம் உங்களுக்கு? அவர்கள் கல்லறையை இடித்துச் சுவர் கட்டினார்கள். நீங்கள் சுவரை இடித்து நிழலில் கார் நிறுத்தினீர்கள். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல நா கூசாதா?

முன்பு சொன்ன 405 மர எழுத்துப்பலகைகளில் ஒன்றில் நாள் இருக்கிறது: கி.பி. 57 ஜனவரி 8. பிரிட்டனில் கிடைத்த நாளிட்ட கையெழுத்து ஆவணங்களில் அதுவே மிகப் பழையது. திபுல்லஸ் என்பவர், வாங்கிய சரக்குக்காகக் கிராட்டஸ் என்பவருக்கு 105 தினாரி தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்த கடன் பத்திரம். நகரச் சுவரின் காலத்தைக் கணிக்க உதவியதும் காசுதான்; சுவரின் உட்கோபுரம் ஒன்றில் கள்ளநாணயம் வார்க்கிற அச்சுகள் கிடைத்தன. கடன் பத்திரமும் கள்ளநாணயமும். இந்தச் சதுர மைலின் வரலாற்றில் தொடர்ச்சி இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு முறையும் அறிக்கையில் ஒரே வரி வரும்: கட்டுமானத்தின்போது ‘எதிர்பாராத விதமாக’ ரோமானிய எச்சம் வெளிப்பட்டது. எதிர்பாராத விதமாக! அந்த ஊரில் ஆல்ட்கேட், பிஷப்ஸ்கேட், மூர்கேட், ஆல்டர்ஸ்கேட், நியூகேட், லட்கேட் என்று வாசலுக்கு வாசல் தெருப் பெயர் இருக்கிறது. அகழி ஓடிய இடத்துக்கு ஹவுண்ட்ஸ்டிச் என்று பெயர் இருக்கிறது. சுவரின் பாதை முழுவதும் வரைபடத்தில் இருக்கிறது. அதன்மேல் பள்ளம் தோண்டிவிட்டுச் சுவர் வந்ததே என்று வியப்பவர்கள், மெரினாவில் இறங்கிவிட்டுக் கால் நனைந்ததே என்று வியப்பார்கள்.

அந்தச் சுவரின் பக்கத்திலேயே 1976-ல் புதிய லண்டன் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். உள்ளேயிருந்து சன்னல் வழியே சுவர் தெரியும். 2022 டிசம்பரில் அதை மூடினார்கள். அருங்காட்சியகம் ஸ்மித்ஃபீல்டுக்கு இடம் மாறுகிறது. காலியான கட்டிடத்தை இடித்துவிட்டு அலுவலகங்கள் கட்ட 2024 ஏப்ரலில் அனுமதி கொடுத்தாயிற்று. அனுமதி கொடுத்ததும் அதே நகராட்சி, இடத்தின் சொந்தக்காரரும் அதே நகராட்சி. விண்ணப்பதாரரும் நீதிபதியும் ஒரே வீட்டுக்காரர்கள் என்றால் வழக்கு எவ்வளவு சீக்கிரம் முடிகிறது பாருங்கள்.

அந்த அருங்காட்சியகம் 1984-ல் ஒரு நல்ல காரியம் செய்தது. டவர் ஹில்லிலிருந்து தன் வாசல் வரைக்கும், சுவர் ஓடிய வழியில் 21 பலகைகளை நட்டது. இங்கே வாசல் இருந்தது, இங்கே கொத்தளம் இருந்தது, இந்த இடத்தில் இன்னாருடைய கட்டிடத்துக்காக இடிபட்டது என்று ஓடுகளில் எழுதி, நடந்து போகிறவர் படிக்கும்படி வைத்தது. இன்று அந்த வழியில் போனால் 21-ம் கிடைக்காது. பல பலகைகள் காணவில்லை. கட்டுமான வேலையில் போய்விட்டன.